முதலாம் பிள்ளை

இன்று செங்கலடியில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் தர்ஷினி. நாங்கள் ஒன்றாகப் படித்த காலம் முழுக்க, எல்லாத் தவணைச் சோதனையிலும் அவள் முதலாம் பிள்ளை, நான் இரண்டாம் பிள்ளை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்போது எங்கள் மகள்மார் ஒரே வகுப்பு. என் மகள் கெட்டிக்காரி. இந்தத் தவணைச் சோதனைக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

“சோதனைக்குப் புள்ள படிக்குதா?” என்று மெல்லக் கேட்டேன்.

“என்ன சோதனை கா? புதுக் கல்விச் சீர்திருத்தத்தில அது இல்லயாம். இனி முதலாம் பிள்ளை, ரெண்டாம் பிள்ளை எண்டு ஒண்டுமில்ல. உனக்குத் தெரியாதா?”

தெரியாது.

பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் எனக்காக ஒரேயொரு சோதனை வைத்துவிட்டு நிறுத்தியிருக்கக் கூடாதா?

இந்தச் செய்தியிலும் அவளே முதலாம் பிள்ளை. ஏற்கெனவே தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள், நான் எத்தனையாம் பிள்ளை என்று பார்ப்போம்.