ஆறாம் பட்டிக்கு ஒரு சீட்டு

வெர்ன் டக்கெட்டுக்குக் காலையில் கட்டிலை விட்டு எழுவதே தனி வேலை. முதலில் உருண்டு முழங்காலில் விழுவார். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்து, குனிந்தபடியே பூட்ஸைத் தேடுவார். செம்மறிகளுக்கு ரோமம் கத்தரித்தே வளைந்த முதுகு. இனி நிமிர அதற்கு மனசில்லை.

பூலிகல் ஊர்ப் பக்கத்துக் கொட்டகையில் கத்தரிக்க நாங்கள் ஆறு பேர். ஆளுக்கொரு மிஷின், பின்னால் ஆளுக்கொரு பட்டி. பட்டியில் ஆட்டைப் பிடித்து, மல்லாத்தி, மிஷின் வரை இழுத்துவர வேண்டும். மூன்றாம் பட்டியிலிருந்து நாலு எட்டு வைத்தால் போதும். ஆறாம் பட்டியோ மூலையில் கிடக்கிறது. ஒவ்வொரு ஆட்டையும் மேடேற்றி இழுக்க வேண்டும். யாருக்கு எது என்பதைச் சீட்டுதான் சொல்லும். ஏஸ் முதல் ஆறு வரை, குலுக்கிக் கவிழ்த்து வைப்பார்கள். திருப்பிக் காட்டிவிட்டால் மாற்றக் கூடாது, மாற்றினால் அடிதடிதான்.

எங்களைக் கூட்டிவந்த நோலீன் முன்பே சொல்லிவிட்டாள். "வெர்ன், இந்தத் தடவையும் பாதியில படுத்துட்டீங்கன்னா, அடுத்த கொட்டகைக்கு வேற ஆளப் பாத்துக்குவேன்."

"மூணு கொட்டகையா எனக்கு ஆறுதான் வந்துச்சு," என்றார் வெர்ன், டீயை ஊதியபடி. "மறுபடியும் வருமா? வராது."

"உங்க முதுகு சீட்டுக்குத் தெரியுமா பெருசு? ஆறு சீட்டு, ஆறுல ஒண்ணு. போன தடவை வந்ததெல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்காது," என்றேன் நான்.

"ஒன்பதாங் கிளாஸ்ல ஓடிவந்தவன் எனக்குக் கணக்குச் சொல்றான்."

"டீச்சர் நாற்காலில புழுக்கை வச்சதுக்குத்தான் ஓடிவந்தேன். கணக்கு மேல எனக்குக் கோவம் இல்ல."

வெர்ன் எப்போதும் கடைசியாகத்தான் எடுப்பார். முன்னால் எடுத்தால் தானே தேடிக்கொண்டது போல் ஆகிவிடுமாம். முதலில் எடுத்தாலும் கடைசியில் எடுத்தாலும் ஆறில் ஒன்றுதான் என்றேன். கையை மட்டும் ஆட்டினார், ஈ விரட்டுவது போல.

எங்களில் ஒருவனான வைரேமு முதலில் எடுத்துத் திருப்பினான். ஏஸ். அப்புறம் ஐந்து, இரண்டு, நாலு. மிச்சம் மூன்றும் ஆறும், நானும் வெர்னும். யாரும் டீ குடிக்கவில்லை.

ஒன்றை எடுத்து, உள்ளங்கைக்குள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஹார்ட்டின் மூன்று. மேசையில் கிடப்பது எது என்று எண்ண விரல்கூடத் தேவையில்லை.

"பெருசு, இத நீங்க எடுத்துக்குங்க. அத நான் எடுத்துக்கறேன்." இளித்துக்கொண்டே சொன்னேன். வேறு மூஞ்சி எனக்கு இல்லை.

"வாங்காதீங்க!" என்று கத்தினான் வைரேமு. "நேத்து உங்க பூட்ஸ்ல பல்லி விட்டவன் இவன். குடுக்கறான்னா அது ஆறுதான்."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"பூட்ஸப் போட்டுக்கச் சொன்னப்பவும் இதேதான்டா சொன்ன," என்றார் வெர்ன்.

இரண்டு சீட்டு, பாதிக்குப் பாதி. ஆனால் நீட்டுகிற கை என்னுடையது என்றால் அது பாதி இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

"கடைசிச் சீட்டுதான் என்னோடது." திருப்பினார். கறுப்பு ஆறு.

என்னுடையதைத் திருப்பினேன். யாரும் சிரிக்கவில்லை. வைரேமு கூரையைப் பார்த்தான்.

"பாத்துட்டுத்தான் குடுத்தியா?"

"இல்ல பெருசு. குருட்டாம்போக்குல."

"பொய் சொல்றப்ப மட்டும் மூஞ்சிய நேரா வச்சுக்கற," என்றார். மணி அடித்தது. எல்லோரும் எழுந்தோம். அவர் கொஞ்சம் கழித்து எழுந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள், மேட்டில் பாதி வழியில் ஆட்டை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஆடு எழுந்து பட்டிக்கே திரும்பிப் போனது. நோலீன் அவருடைய மிஷினை நிறுத்தினாள்.

அவர் படுக்கைச் சுருட்டை நான்தான் வண்டிவரை தூக்கிப்போனேன்.

"மூணாம் பட்டி எப்படிடா இருக்கு?"

"கதவு சிக்கிக்குது. ஒரே மூத்திர வழுக்கல். நாய் பொழப்பு, பெருசு."

நேராக வைத்திருந்த என் மூஞ்சியைப் பார்த்தார்.

"அப்படியா," என்று ஏறி உட்கார்ந்தார்.