நான் பார்க்காத ஓட்டம்

செய்தி வந்தபோது ஈஸ்ட் பிரன்ஸ்விக் மளிகைக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் பாலேந்திரா அங்கிளின் படம், கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. மாலையில் அவர் மகள் தர்ஷினி அழைத்தாள். "அண்ணா, அந்த பேஸ்பால் கதையை இறுதிச் சர்வீஸில நீங்கள்தான் சொல்லவேணும். அப்பாவோட இருந்து பாத்தது நீங்கள்தானே."

ஞாயிறன்று அவர் உடலுக்கு முன்னால் நின்று சொன்னேன். சங்க நண்பர்களே, நீங்களும் கேட்டீர்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். கதை உண்மைதான். நான் பார்த்தேன் என்பதுதான் பொய்.

யாழ்ப்பாணத்துக்காரரான அங்கிளுக்கு கிரிக்கெட் ஆகாது. "அஞ்சு நாள் இருந்து பாத்திட்டு முடிவில்லாம எழும்பிப் போக ஏலாது, தம்பி" என்பார். பேஸ்பால் என்றால் பென்சிலும் தாளுமாக ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவர் கொண்டாடிய ஒரு பெரிய ஆட்டக்காரர் ஓய்வு பெற்ற வருடம், கடைசி ஆட்டங்களில் ஒன்றுக்கு என்னையும் அழைத்துப் போனார். நல்ல வெயில். ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸில் என் மேனேஜர் போன் செய்தார். "ரெண்டு நிமிஷம் அங்கிள்" என்று எழுந்து போய், ஹாட் டாக் கடைக்குப் பின்னால் நின்று அரைமணி நேரம் பேசினேன். சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

நடந்ததை ஜெர்சி சிட்டிக்குத் திரும்பும் ரயிலில் அவர்தான் சொன்னார். "அவர் அடிச்ச பந்து மெல்லமா உருண்டுது, தம்பி. அவுட் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முழங்காலில கட்டோட அந்த மனிசன் முழு வேகத்தில முதல் பேஸுக்கு ஓடினார். ஓடுறது அவரின்ரை வேலை. அவுட் சொல்லுறது அம்பயரின்ரை வேலை."

மறுநாள் அலுவலகத்தில் அதை நான் பார்த்ததாகச் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள். பிறகு விருந்துகளில் சொன்னேன், ஒரு பொங்கல் விழா மேடையிலும் சொன்னேன். பாதியில்தான் மூன்றாவது வரிசையில் அங்கிள் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். எப்படியோ சொல்லி முடித்து இறங்கினேன். கீழே யாரோ அவரிடம், "நீங்களும் போயிருந்தீங்களா அங்கிள்?" என்று கேட்டார்கள். "ஓம், இவர் எனக்குப் பக்கத்து சீட்" என்றார். சாப்பாட்டு வரிசையில் என் அருகே வந்து, "வடிவாச் சொன்னீர், தம்பி. ஆனா கட்டு வலதில இல்லை, இடது முழங்காலில" என்றார். தட்டோடு நகர்ந்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வருடக்கணக்கில் நேரம் இருந்தது. கேட்கவில்லை. ஞாயிறன்று இடது முழங்கால் என்று மட்டும் சரியாகச் சொன்னேன்.

தர்ஷினி, நீ கேட்ட கதை உன் அப்பாவுடையது, அதைத் திருப்பித் தருகிறேன். எனக்கென்று இருப்பது இவ்வளவுதான். போன் பேசிவிட்டு நான் திரும்பியபோது கூட்டம் உட்கார்ந்துவிட்டது, அவர் மட்டும் நின்றிருந்தார். வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் என் இருக்கையில் தன் தொப்பியை வைத்திருந்தார். "வந்திட்டீரோ" என்று அதை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன்.