அப்பாவுக்குக் கார் ஒத்துக்காது

மாமா கார் வாங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் இரண்டு நோயாளிகள் இருப்பது தெரிய வந்தது. ஒருத்தி நான். இன்னொருவர் அப்பா.

என் நோய்க்குச் சாட்சி இருந்தது. கார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரிலிருந்து சத்துவாச்சாரியில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகும் வழியில், பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டேன். அப்பாவின் நோய்க்குச் சாட்சி அப்பா மட்டும்தான். "எனக்குக் கார் ஒத்துக்காது. நீங்க முன்னாடி போங்க, நான் பஸ்ல வர்றேன்" என்று அவரே சொல்லிவிட்டார். அதற்கு முன் அவர் எந்தக் காரிலும் ஏறி நான் பார்த்ததில்லை. ஏறாமலே ஒத்துக்கொள்ளாது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கிற புத்தி ஏழாம் வகுப்பில் எனக்கு இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி என்பதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைக் கேலி செய்தால், "எங்கப்பாவுக்கும் அப்படித்தான்" என்று தலையை நிமிர்த்திச் சொல்லுவேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். வெளிநாட்டுக்காரர்களிடம் பூட்ஸ் ஆர்டர் பிடித்து, கம்பெனிகளுக்குக் கொடுப்பது அவர் வேலை. அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டது ஒரே தோல்தான். மாமாவிடம் அது பளபளவென்று அட்டைப் பெட்டிக்குள் வந்து சேரும். அப்பாவிடம் உப்பும் ரோமமுமாக லாரியில் வந்து இறங்கும். மாமா வீட்டுக்குப் போனால் நாங்கள் எல்லாரும் கூடத்தில் சோபாவில் உட்காருவோம். அப்பா மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இங்க காத்து நல்லா வருது" என்பார். அப்பா காற்றுப் பிரியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, எங்களைக் காவலூருக்கு அழைத்துப் போவதாக மாமா சொன்னார். வாணியம்பாடி வழியாக ஆலங்காயம் போய், அங்கிருந்து மலையேறினால் காவலூர். அங்கே நட்சத்திரங்களைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பொதுஜனங்களுக்கும் ஒரு சின்னத் தொலைநோக்கியில் காட்டுவார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் குழாயில் ஒரே ஒரு முறை கண்ணை வைத்துவிட வேண்டும். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு வளைவு வளைவாக மலைப்பாதை, அதுவும் மாமாவின் காரில்.

அப்பா வழக்கம்போல, வேலை முடிந்ததும் நேராக பஸ் பிடித்து வந்துவிடுவதாகச் சொன்னார். என் வியாதிக்கு அம்மா தன் வைத்தியங்களை எல்லாம் தயார் செய்தாள். இஞ்சி மொரப்பா, புளிப்பு மிட்டாய், அப்புறம் உட்கார ஒரு செய்தித்தாள். தாளை விரித்து அதன் மேல் உட்கார்ந்தால் குமட்டாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. எதற்காகக் குமட்டாது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

காருக்குள் ஏறியதும் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டார் மாமா. வாங்கி இரண்டு மாதம் ஆகியும் சீட்டுகளின் பாலிதீன் உறையை அவர் கழற்றவில்லை. கழற்றினால் கார் பழசாகிவிடும். முன்னால் மல்லிகை வாசனை டப்பா ஒன்று வேறு. பாலிதீன் மேல் செய்தித்தாள், அதன் மேல் நான். ஒவ்வொரு திருப்பத்திலும் மூவரும் தனித்தனியாகச் சறுக்கினோம். ஆலங்காயம் தாண்டி மூன்றாவது வளைவில் என் வாயில் உமிழ்நீர் ஊற ஆரம்பித்தது.

"அண்ணா, நிறுத்து! நிறுத்து!" என்று அம்மா கத்தினாள்.

அவர் நிறுத்துவதற்குள் மொரப்பாவும் மிட்டாயும் பாலிதீன் மேல் வந்துவிட்டன. உறையைக் கழற்றாமல் வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று மாமா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்னை ஓரமாக உட்காரவைத்து வாயைக் கழுவிவிட்டாள். முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் எடுத்துவர மறந்துவிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். காரின் முன்னால் மிளகாயோடு சேர்த்துத் திருஷ்டிக்கு ஒரு பழம் தொங்கியது. ஒரே இழுப்பில் அறுத்து என் மூக்கில் வைத்துவிட்டாள்.

"ஐயையோ, இன்னாம்மா இது! ஊர் கண்ணெல்லாம் அதுலதான இருக்குது!" என்று அத்தை, மாமாவின் மனைவி, பதறிப்போனாள்.

"புள்ள உயிர் பெருசா, கார் பெருசா அண்ணி?" என்றாள் அம்மா.

ஊர்க் கண்ணையெல்லாம் முகர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் தெளிவானது. அதைக் கைக்குள் பொத்திக்கொண்டே மலையேறினேன்.

அப்பா எங்களுக்கு முன்பே வந்து, வாசலில் ஒரு மரத்தடியில் தனியாக நின்றிருந்தார். பஸ் ஜம்மென்று வந்ததாம். நான் வாந்தி எடுத்ததைச் சொன்னதும், "அதான் நான் ஏறல" என்று கண்ணைச் சிமிட்டினார்.

வரிசையில் நின்றோம். கழுத்தில் மப்ளர் சுற்றிய இளைஞர் ஒருவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம் காட்டி, கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. கண்ணை வைத்தேன். சிவப்பாக ஒரு புள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இதற்கா இரண்டு நாள் பட்டினி கிடந்தேன் என்றிருந்தது. அது திருவாதிரை என்றார். அம்மா பூரித்துப்போனாள். அது அவள் ஜென்ம நட்சத்திரம்.

அதன் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றும் என்னைக் குழப்பியது. நட்சத்திரங்களும் சூரியன்கள்தானாம், தூரத்தில் இருப்பதால் புள்ளியாகத் தெரிகின்றனவாம். அது நடுங்கவில்லை, நடுவில் இருக்கும் காற்றுதான் நடுங்குகிறதாம். இப்போது நான் பார்த்தது இன்றைய திருவாதிரை இல்லையாம், பல நூறு வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சமாம். சிவப்பாக இருந்தால் சூடு கம்மி, நீலமாக இருந்தால் ஜாஸ்தியாம். எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்தவரை எனக்கு நெருப்பு என்றாலே சிவப்புதான். திருவாதிரைக்கு வயசாகிவிட்டது, ஒருநாள் வெடித்துவிடும் என்றும் சொன்னார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "எப்போங்க?" என்று மெல்லக் கேட்டாள். "லட்சம் வருஷம்கூட ஆவும்மா" என்றதும்தான் மூச்சு விட்டாள்.

நட்சத்திரங்கள் மேற்கே போவதுபோலத் தெரிவதும் பொய்யாம். நாம்தான் பூமியோடு படுவேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோமாம். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அப்படின்னா ஏன் யாருக்கும் வாந்தி வரல?" என்று கேட்டேன்.

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பூமி ஒரே சீராகப் போகிறது, குலுக்கலும் வெட்டித் திரும்புவதும் நாம் உணரும்படி இல்லை என்றார். காதுக்கு உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கிறது, நாம் அசைவதை அதுதான் மூளைக்குச் சொல்கிறது. மூடிய காருக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தால், கண் 'சும்மா இருக்கிறோம்' என்னும், காது 'ஓடுகிறோம்' என்னும். எதை நம்புவது என்று தெரியாமல் விஷம் ஏதோ உள்ளே போய்விட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்கிறதாம், அதனால்தான் வெளியே தள்ளுகிறதாம். அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள் என்றார். "முன் சீட்ல உக்காந்து தூரமா ரோட்டப் பாரு. வண்டியில எதையும் படிக்காத. படிச்சா போச்சு" என்று சொல்லி, நட்சத்திரங்களைப் பற்றி அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு நட்சத்திரமெல்லாம் மறந்துவிட்டது. மருந்து கிடைத்துவிட்டதே! எனக்கு மட்டுமா, அப்பாவுக்கும்! காருக்குப் பக்கத்தில் எல்லாரும் நிற்கும்போது உரக்க அறிவித்தேன்: "அப்பா, இனிமே நீயும் கார்லயே வரலாம். முன் சீட்ல உக்காந்து தூரமா பாத்தா போதும்."

அம்மா செருப்பைப் பார்த்தாள். அத்தை கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

"என் காது பழைய காதும்மா. சரியாவாது. கடைசி பஸ்சு இருக்குது" என்றார் அப்பா.

நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், அழுதேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கவும், மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏறுங்க மாப்ள. புள்ள ஆசப்படுது இல்ல" என்றார்.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து, முன் சீட்டின் பாலிதீன் மேல் விரித்து, அதன் மேல் நுனியில் உட்கார்ந்தார். செய்தித்தாளுக்குப் பதில் துண்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் மடியில் நான். அத்தை பின்னால் அம்மாவோடு. இரண்டு வளைவு போவதற்குள், "ஏசிய நிறுத்திட்டு கண்ணாடிய இறக்குங்க. புள்ளைக்குக் காத்து வேணும்" என்றாள் அத்தை. மலைக் குளிர் உள்ளே வந்தது. தூரத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குமட்டவில்லை! விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார். உடம்பை இப்படி அப்படி அசைக்காமல், சுவரில் அடித்த ஆணிபோல உட்கார்ந்திருந்தார்.

சந்தோஷத்தில் பின்னால் திரும்பினேன். அத்தை முந்தானையைச் சுருட்டி மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். மூன்றாவது வளைவில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"மாமா, நிறுத்துங்க! அத்தைக்கு வாந்தி வருது!" என்று கத்தினேன். கையிலிருந்த திருஷ்டிப் பழத்தை அத்தையிடம் நீட்டினேன். "மோந்து பாருங்க அத்த. உங்களுக்கும் காது சரியில்ல."

"ஒன்னுமில்ல கண்ணு, ஒன்னுமில்ல" என்று அத்தை சட்டென்று முந்தானையை இறக்கினாள். அவள் கண்ணில் நீர் நின்றது. அத்தை கெட்டவள் இல்லை. என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாவாடை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

ஆலங்காயம் பஸ் நிலையத்தின் விளக்குகள் தெரிந்தன. "மச்சான், ஓரமா நிறுத்துங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்றார் அப்பா.

"இன்னும் கொஞ்ச தூரந்தான் மாப்ள" என்றார் மாமா. சொல்லும்போதே அவர் கால் பிரேக்கில் இருந்தது.

அப்பா இறங்கி, துண்டை உதறி எடுத்துக்கொண்டார். அவர் வாந்தி எடுக்கப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சும்மா நின்றார். நான் கண்டுபிடித்த மருந்து எனக்குப் பலித்து, அப்பாவுக்குப் பலிக்கவில்லை. அவரைத் தனியாக விட்டுப்போக மனசு வரவில்லை. "எனக்கும் வாந்தி வருது" என்று பொய் சொல்லிவிட்டு நானும் குதித்துவிட்டேன்.

வாணியம்பாடி பஸ்ஸில் சீட்டு கிடைத்தது. அப்பாவின் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டேன். அதில் அப்பா வாடை அடித்தது. வேறு எந்த வாடையும் எனக்குத் தெரியவில்லை. பஸ் ஆடிக்கொண்டும் வளைந்துகொண்டும் போனது. அப்பா என் கையிலிருந்த தாளை வாங்கி, மங்கிய விளக்குக்கு நேராகப் பிடித்து, எழுத்துக் கூட்டி எனக்குப் படித்துக் காட்டினார். "செவப்பா இருந்தா சூடு கம்மியாமே, பாரேன்!" என்று ஆச்சரியப்பட்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு முறைகூடத் தலையை நிமிர்த்தாமல், வாணியம்பாடி வரைக்கும் படித்தார். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

பல வருஷம் கழித்து, காட்பாடியில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாள், வீட்டிலிருந்து கொண்டுபோன பெட்டியைத் திறந்தேன். பக்கத்துக் கட்டில்காரி மூக்கைச் சுளித்து, "இன்னா வாடைடி இது?" என்றாள். பெட்டியை மூடிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அவள் தன்னால்தான் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அப்பாவின் மடியில், அந்தக் காரின் முன் சீட்டில் இருந்தேன்.

ஆனால் அன்றைக்கு அந்த பஸ்ஸில் எனக்கு வேறு குழப்பம். ஓடுகிற வண்டியில் குனிந்து படித்தால் போச்சு என்று மப்ளர்காரர் சொன்னார். கார் ஒத்துக்கொள்ளாத அப்பா, குனிந்து படித்துக்கொண்டே வருகிறார். இரண்டில் ஏதோ ஒன்று பொய். வெகுநேரம் யோசித்தேன். கண்ணால் பார்த்த நட்சத்திரம் இன்றையது இல்லை என்கிறார், சிவப்பில் சூடு கம்மி என்கிறார், அசையாத பூமி ஓடுகிறது என்கிறார். அவ்வளவு பெரிய தொலைநோக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் இப்படிப் பொய் சொல்லலாமா என்று வருத்தப்பட்டுக்கொண்டே அப்பாவின் மடியில் தூங்கிப்போனேன்.