ஜெகதா கட்டிய தாயத்து

எழிலரசிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எங்கள் தெரு சொன்னதை நான் இத்தனை வருஷமாக மன்னிக்கவில்லை.

கோட்டூர்புரத்தில் மீன் விற்பவள் அவள். ஆற்று வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் தன் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, படகு வரும்வரை நின்றவள். அதற்குப் பிறகு தகரக் கூரையில் மழை விழுந்தாலே மூச்சு முட்டும். கூடையைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவாள். பக்கத்துக் கடை ஜெகதா வேப்பிலையால் அடித்து, கையில் தாயத்து கட்டினாள். அவிழ்த்தால் ஆகாது என்று மிரட்டியும் வைத்தாள்.

நான்தான் என் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு, மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். "மழைச் சத்தம் கேட்டா உடம்புல என்னம்மா ஆகுது?" என்று டாக்டரம்மா கேட்டார். அதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை. பேயுமில்லை, பைத்தியமுமில்லை, பட்ட பயம் மனசில் காயமாக நிற்கிறது, ஆறும் என்றார். மாத்திரை கொடுத்தார். போனில் மழைச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கப் பழக்கினார்.

போன வாரம் கொட்டுகிற மழையில் எழிலரசி கடையை விட்டு அசையவில்லை. மீன் வெட்டுவதையும் நிறுத்தவில்லை.

"பாத்தியாடி, என் தாயத்து வேலை செஞ்சிச்சி!" என்றாள் ஜெகதா.

"ஆஸ்பத்திரி வைத்தியம் செஞ்சிச்சி. உன் வாய்க்கும் அங்க மருந்து கீதான்னு கேக்கறேன், இரு" என்றேன் நான்.

எழிலரசி தாயத்து கட்டிய கையை என் பக்கம் நீட்டினாள்.

"அண்ணே, அந்தக் கத்திய எடு. இவ கண்ணு முன்னாடியே இத்த அறு."