மேல் பஞ்சமம்

டாக்டரம்மா என்றுதான் தெருவே அவரை அழைக்கும். சங்கீத ஆராய்ச்சிக்கு வாங்கிய பட்டம் அது. விவரம் தெரியாமல் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர்களும் உண்டு. மேடையிலும் கொடிகட்டிப் பறந்தார். மேல் பஞ்சமம் என்கிற உச்ச ஸ்வரத்தைத் தொட்டு அவர் நிற்கும் அழகுக்காகவே கூட்டம் வரும்.

பின்பாட்டு அக்கா. தங்கை மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டு அறுந்துபோகாமல் தாங்கிப் பிடிக்கிற வேலை. யாராவது அக்காவைப் பாராட்டிவிட்டால் டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கச்சேரி முடிந்து காரில் ஏறும்போது சொல்லியேவிட்டார்.

"நீ கூடக்கூடப் பாடுறதாலதான் என் குரல் எடுபடல. இனிமே வராதே."

"சரி" என்றார் அக்கா. மறுவருஷம் போய்ச் சேர்ந்தும் விட்டார்.

அக்கா விலகிய நாளிலிருந்து டாக்டரம்மாவுக்கு அந்தப் பஞ்சமம் எட்டவில்லை. தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். காலையில் சாதகம் செய்யும்போது, அந்த ஸ்வரத்துக்குச் சற்று முன்னால், முதுகுக்குப் பின்னே யாரோ மூச்சை இழுப்பது கேட்கும். திரும்பினால் சுவர். அக்காவின் சாபம் என்றே நம்பினார். ஆராய்ச்சி புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். பயத்துக்கு ஏது பட்டம்?

உங்கள் பழைய கச்சேரிப் பதிவுகளைச் சுத்தம் செய்து வெளியிடுகிறோம் என்று ஒரு நிறுவனம் கூப்பிட்டது. இனி அந்தப் பதிவுகள்தான் தன் பேரைக் காப்பாற்றும் என்று கிளம்பிப் போனார். அங்கிருந்த ஒலிப்பதிவாளர் இரண்டு குரலையும் கணினியில் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்.

"ரெண்டும் அச்சு அசல் ஒரே குரல்மா. பிரிக்கிறதுக்குள்ள உசுரு போயிடுச்சு. முதல்ல உங்களோடதைக் கேளுங்க."

பாட்டு படிப்படியாக ஏறியது. பஞ்சமத்துக்கு ஒரு படி கீழே, மேல் மத்யமத்தோடு நின்றது. அதற்கப்புறம் குரலே இல்லை, வெறும் பதிவு இரைச்சல். வேறு கச்சேரி போடச் சொன்னார். அதிலும் அப்படியே. ஐந்து கச்சேரியிலும் அப்படியே.

பிறகு ஒலிப்பதிவாளர் அக்காவின் குரலைப் போட்டார். ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். உடனே பஞ்சமம், அசையாமல், முழுசாக.

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மேடையில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்துகொண்டு, காதில் விழுந்ததைத் தன்னுடையது என்றே இத்தனை வருஷம் நம்பியிருக்கிறார். சாபமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அந்த ஸ்வரம் அவரிடம் இருந்ததே இல்லை. அக்காவுக்குத் தெரியும். காரில் ஏறிய அன்றைக்குக்கூட அதைச் சொல்லவில்லை, பாவி.

ஒலிப்பதிவாளர் குரலைத் தாழ்த்தினார். "இது வெளியில தெரிய வேண்டாம்மா. ரெண்டையும் ஒட்டிடுறேன். அட்டையில வழக்கம்போல உங்க பேர் பெரிசா, பின்பாட்டுன்னு அவங்க பேர் சின்னதா போட்டுடலாம்."

"ஒட்டுங்க," என்றார் டாக்டரம்மா. "பெரிசா அக்கா பேரைப் போடுங்க. பின்பாட்டு நான்."