மூணாம் தண்ணி

எதிரே வருகிறவரிடம் வீரபத்திரன் நலம் விசாரிப்பதில்லை. சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, கட்டைவிரலால் அவருடைய கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்க்கிறார். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால், "மொத தண்ணி" என்கிறார். வெளுத்திருந்தால், "மூணாம் தண்ணிப்பா. போய் முருங்கக்கீரை துன்னு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிடுகிறார்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர் அவர். ஒரே தொட்டிச் சாயத்தில் மூன்றாவதாக முக்கும் நூலுக்கு நிறம் ஏறாது. அந்தக் கணக்கையே மனிதர்களுக்கும் வைத்திருக்கிறார். வயது ஐம்பது இருக்கும். இரண்டு கைகளும் முழங்கை வரை அரக்குச் சிவப்பு. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிறவர்கள், பாவம், அடிபட்டவர் என்று நினைத்து வழிவிடுகிறார்கள். அவரும் மறுப்பதில்லை, முன்னால் போய்விடுகிறார்.

ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. பஸ் ஸ்டாண்டில் ரத்தம் விற்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. வாரத்துக்கு ஒரு பொய்ப் பெயரில் வந்து ரத்தம் கொடுப்பார்கள், தங்களுக்கு வந்த நோயைச் சொல்ல மாட்டார்கள். வெளியூரில் அப்படி விலைக்கு வாங்கிய ரத்தம் ஏறி, அவருடைய மைத்துனர் காமாலையில் ஆறு மாதம் படுத்திருந்தார். அதிலிருந்து பிடித்த வெறி இது.

அவருடைய சைக்கிளைக் கண்டதும் தறிக்குழிக்குள் குனிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் விடியற்காலையில் வருகிறார். அப்போதுதான் தெரு நீளத்துக்குத் தறியில் ஏற்றப்போகும் பாவு நூலை விரித்து, ஆட்கள் இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்திருப்பார்கள். கையை விட்டால் ஆயிரக்கணக்கான இழையும் சிக்கிக்கொள்ளும். ஓட வழியில்லை. வரிசையாகக் கண்ணை இழுத்துப் பார்த்துக்கொண்டே போவார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் தற்காலிக வேலை என்னுடையது. ரத்த வகைகளைப் பற்றிப் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவன் நான். "உன்னுது இன்னா குரூப்புப்பா?" என்று முதல் நாளே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சோதித்துப் பார்த்ததில் 'ஏ' என்று வந்தது. அப்புறம் என்னதான் படித்தேன் என்று அவர் கேட்கவில்லை. அதை நான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் தறிக்காரர் முனிரத்தினத்தின் மனைவி எல்லம்மாள் கர்ப்பப்பைக் கட்டியோடு வந்து சேர்ந்தாள். மத்தியானத்துக்குள் ஒரு பாட்டில் 'பி' ரத்தம் கிடைக்காவிட்டால் கத்தி வைக்க முடியாது, தள்ளிப்போட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் மங்கையர்க்கரசி சொல்லிவிட்டார். முனிரத்தினத்துக்கும் 'பி'தான். ஆனால் முகூர்த்தப் புடவை தறியில் பாதியில் நிற்கிறது, ரத்தம் போனால் கையில் தெம்பு போய்விடும் என்று அவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார்.

வீரபத்திரன் அந்த ஆளின் கண்ணை இழுத்துப் பார்த்து, மூணாம் தண்ணி என்றார். டாக்டர் அவன் விரலில் குத்தி, ஒரு சொட்டை நீலத் துத்தக் கரைசலில் விட்டார். கெட்டியான ரத்தம் மூழ்க வேண்டும். அது மிதந்தது. ஆள் சொல்லாமல் நழுவினான்.

உடனே வீரபத்திரன் கட்டிலில் ஏறிப் படுத்தார். அவரும் 'பி'. டாக்டர் விடாமல் அவருக்கும் விரலில் குத்தினார். அந்தச் சொட்டும் மிதந்தது. துத்தம் பழசாகிவிட்டது என்று வீரபத்திரன் கரைசலின் மேல் பழி போட்டார். மூன்று மாத இடைவெளி இருந்தால் போதும், தான் கடைசியாகக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது என்றும் சாதித்தார்.

நான் பதிவேட்டைப் புரட்டினேன். அவர் பெயர் ஐந்து மாதத்துக்கு முன்புதான் இருந்தது. ஆனால் ஆறு வாரத்துக்கு முன்னால், நானும் இந்த டாக்டரும் இல்லாத ஒரு நாளில், 'பரசுராமன், தென்னேரி' என்று ஒருவர் கொடுத்திருந்தார். அந்தப் பெயரின் மேல் அரக்குச் சிவப்பில் மூன்று விரல் தடம்.

"இது யார் கை?" என்றார் டாக்டர்.

தன் சாயம் எந்தத் தண்ணீரிலும் கரையாது, எதிலும் ஒட்டாது என்று ஊர் முழுக்க அடித்துச் சொல்லி வைத்திருப்பவர் வீரபத்திரன். தன் கை என்றால் சாயம் கெட்ட பெயர் வாங்கும். இல்லை என்றால் பொய். சாயத்தை நூலில் பிடித்து வைப்பது படிகாரம்.

"அன்னிக்குப் படிகாரம் கொஞ்சம் கம்மியாப் பூட்சி" என்றார்.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவனும் இதைத்தானே செய்யறான்?"

"அவன் காசு வாங்கறான் டாக்டர்மா. நான் வாங்கல. ஒரு பிரசவக் கேசு. ஆள் அம்புடல."

"பாட்டிலுக்கு அது தெரியாது. எறங்குங்க."

வாசலில் நின்றிருந்த முனிரத்தினம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "அஞ்சு மாசத்துல ரெண்டு தபா குடுத்துட்டு, மூணாவதுக்கும் படுக்குறாரு. நேத்துகூட நூல் மூட்டைய கட்டிக்கினு செவிலிமேடு வரைக்கும் சைக்கிள் மிதிச்சாரு இந்த மனுசன். அப்ப ஒரு தபாவுக்கு நான் சாவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினார். இரண்டு வருடம் வீரபத்திரன் பேசிப் பேசி நடக்காத காரியம்.

முனிரத்தினத்தின் சொட்டு கல்லைப் போல் மூழ்கியது. பாட்டில் நிறைந்ததும் எல்லம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். புருஷனைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று கேள்வி.

அன்று, ரத்தம் கொடுத்தவருக்கென்று நர்ஸ் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்தாள். முனிரத்தினம் அதை வாங்கி வீரபத்திரனிடம் நீட்டினார். "நீ குடி மாமா. உனக்குத்தான் ரத்தம் இல்லியாம்."

வீரபத்திரன் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்து நக்கினார்.