காளைக் கன்றோடு பிறந்த பெண்

என் மகளுக்குக் குழந்தையே பிறக்காது என்று நான் மனதார நம்பினேன். அவளை ஒரு கிடாரிக் கன்றோடு சேர்த்து நினைத்ததுதான் காரணம். படிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அவளும் என் மகனும் இரட்டைப் பிள்ளைகள். ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்குச் சற்று முன்பு அவளுக்கு அவிநாசிப் பக்கமிருந்து வரன் வந்தது. பேசி முடிக்க வந்த மாப்பிள்ளையின் அப்பா, என் வீட்டுப் பாயசத்தை மூன்றாம் முறையும் வாங்கிக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, புள்ள பையனோட ஒண்ணாப் பொறந்ததுங்களாமா?"

"ஆமாங்க."

"இல்லீங்க, காளைக்கன்னோட பொறந்த கெடேரி சினை புடிக்காதுங்களே. யோசிச்சுச் சொல்றனுங்க."

இலையை மூடிவிட்டு எழுந்து போனார். பந்தியில் உட்கார்ந்து என் மகளை மாட்டோடு சேர்த்துப் பேசிய மனிதரை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நானோ திரும்பிக் கட்டுத்தரையைப் பார்த்தேன். அப்படிப் பிறந்த கிடாரி ஒன்று என் கட்டுத்தரையிலேயே நின்றது. அது பருவத்துக்கே வரவில்லை. கழுத்து மட்டும் காளைபோலப் பருத்தது. கடைசியில் அதை ஏரில் பூட்டினேன்.

அன்றிலிருந்து மகள் குடம் தூக்கிப் போனால் அவள் தோளின் அகலத்தைப் பார்ப்பேன். சோறு போட வந்தால் மேலுதட்டில் ரோமம் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். என் மனைவி இதைக் கவனித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கெடேரி பருவத்துக்கு வரவே இல்லீங்க. நம்ம புள்ள வயசுக்கு வந்து பந்தல் போட்டுச் சீர் செஞ்சமே, மறந்துபோச்சுங்களா? தயிர் பத்தலைன்னு சத்தம் போட்டது நீங்கதானுங்க. மொதல்ல உங்களைப் புடிச்சு ஏர்ல பூட்டோணும்."

அதோடு விட்டிருக்கலாம். நானோ கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி மாட்டு டாக்டரிடம் போய் நின்றேன்.

"மனுசப் புள்ளைக்கு எங்கிட்ட வந்திருக்கீங்களே" என்றார் அவர்.

"சந்தேகம் மாட்டோடதுதானுங்க" என்றேன்.

அவர் சிரிக்காமல் விளக்கினார். மாட்டின் கருப்பையில் இரட்டைக் கன்றுகளின் ரத்தக் குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுமாம். காளைக் கன்றின் விதையில் ஊறும் ஹார்மோன் என்ற ஒன்று அந்த ரத்தத்தோடு கிடாரிக்குள் போய், அதன் சினைப்பையை வளரவிடாமல் குன்ற வைத்துவிடுமாம்.

"மனுசருக்குங்க?"

"ஆகறதில்லீங்க. பையனும் புள்ளையுமாப் பொறந்தா குழாய் தனித்தனியாத்தான் இருக்கும். எங்கியோ ஒரு சின்னக் கொரங்கு, எப்பவும் ரெட்டையாத்தான் ஈனுமாம். அதுக்குக் குழாய் சேந்தே இருக்குதாம். அப்பவும் பெட்டையோட சினைப்பைக்கு ஒண்ணும் ஆகறதில்லை. மாட்டுக்கு நடக்கறது கொரங்குக்கே நடக்கலீங்க, உங்க புள்ளைக்கு எப்படீங்க நடக்கும்?"

ஊருக்குத் திரும்பாமல் நேரே அவிநாசிக்குப் போய் மாப்பிள்ளையின் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் அசைந்துகொடுக்கவில்லை.

"கொரங்குக் கதையெல்லாம் எதுக்குங்க? எனக்குப் பேரன் வேணுமுங்க."

அப்போதுதான், வேண்டிய நேரம் போன பிறகு, எனக்குக் கோபம் வந்தது.

"உங்க பையனுக்குக் குழந்தை பொறக்கும்னு நான் சாட்சி கேட்டனுங்களா?"

"ஆம்பளைக்கு என்னங்க கேள்வி?" என்றார். மெய்யாகவே புரியாமல்தான் கேட்டார். அவர் வீட்டு மோரைத் தொடாமல் வந்துவிட்டேன். அந்த வெயிலில் அது எனக்குத்தான் நஷ்டம்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அடுத்து வந்த தை மாதத்தில் என் மகனுக்குப் பெண் கொடுக்க மூன்று வீட்டார் வந்தார்கள். அவன் யாரோடு பிறந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. மகளை மறு வருஷம் பீளமேட்டில் மில் வேலையில் இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அவளுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள்.